வாயடைத்த ஆறு

வீட்டுக்குத் தண்ணீர் வந்து பதினோரு நாளாகிவிட்டது. முதல் இரண்டு நாள் கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரி வாசற்படியோடு நின்றது. மூன்றாம் நாள் கூடத்துக்குள் வந்தது. ஐந்தாம் நாள் அடுப்படிக்குள் புகுந்தது. அதற்கப்புறம் போகிற உத்தேசமே இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டது.

மழை ஒரு வாரம் முன்பே விட்டிருந்தது. ஆனால் ஆறு கடலில் சேருகிற இடத்தை அலை மணலால் மூடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மூடும், வெள்ளம் வந்தால் தானே உடைத்துக்கொண்டு போகும். இந்தத் தடவை மணல் ஆள் உயரத்துக்கு மேலே ஏறி, அகலமாகப் படுத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் பின்வாங்கி, ஆற்றோரத் தெருக்களில் ஒவ்வொரு வீடாக ஏறியது.

அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தையல் மெஷினை மாடி அறைக்கு ஏற்றிவிட்டாள். துணிக்கட்டுகள், அரிசி, பாத்திரம், கேஸ் அடுப்பு எல்லாம் அந்த ஒரே அறையில். அதற்குள் நாலு பேர். அவள், அவள் புருஷன், பத்து வயசு மகள், அப்புறம் அவளுடைய அண்ணன். அண்ணன் பேக்கரி வைத்திருப்பவர். கடை மேட்டில் இருந்ததால் தப்பித்தது, வீடு பள்ளத்தில் இருந்ததால் ஜன்னல் வரை மூழ்கிவிட்டது. மனைவி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் தங்கை வீட்டு மாடிக்கு வந்தார்.

வேறு போக்கிடம் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார். தங்கை புருஷனோடு அவர் பேசி இரண்டு வருஷமாகிறது. புருஷன் பொக்லைன் ஓட்டுபவர். சாலையை அகலப்படுத்தியபோது பேக்கரியின் முன்பக்கத்தை இடித்துத் தள்ளியது அவர்தான். யார் யாரோ ஓட்டுகிற மெஷினில், சொந்தத் தங்கை புருஷனே ஏறி உட்கார்ந்து, ஊரே பார்க்க இடித்தான் என்பது அண்ணனுக்கு ஆறவில்லை. அன்றைக்கு அவனுக்கு லீவு, அவனே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான் என்று யாரோ சொன்னது அதைவிட.

இத்தனை நாளாக ஒரே அறையில் இரண்டு ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட நேராகக் கேட்பதில்லை. "மிளகு, உங்க மாமாகிட்ட உப்பு இருக்கான்னு கேளு," என்பார் புருஷன். மகளுக்கு வீட்டில் மிளகு என்றுதான் பெயர், அளவும் காரமும் அப்படி. "மிளகு, இருக்குன்னு சொல்லு," என்பார் அண்ணன். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் விடியும்போதே புருஷன் கிளம்பினார். மணலை வெட்டிவிடச் சொல்லி ஒருவழியாக உத்தரவு வந்திருந்தது. ஒரு மெஷின், ஒரு சூப்பர்வைசர், டீசல் கேன் தூக்க ஒரு ஆள்.

"சாயங்காலம் நாலரை, அஞ்சுக்குக் கடல் நல்லா இறங்கும். அந்த நேரத்துல தொறந்து விட்டாத்தான் இழுக்கும்," என்றார் படியில் நின்று பேன்ட்டை மடித்துக்கொண்டே. "அதை விட்டா நாளைக்குத்தான். வானத்தைப் பாரு. நாளைக்கு வரைக்கும் அது பொறுக்காது."

தென்மேற்கில் மேகம் ஈயம் பூசிய மாதிரி நின்றது. இன்னொரு மழை பெய்தால் மாடிப்படியிலும் தண்ணீர் ஏறும்.

பகல் பன்னிரண்டரைக்கு டீசல்காரர் தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அவள் மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அக்கா, மிஷின் சாஞ்சுடுச்சு."

"அவரு?"

"நான் காலி கேனை எடுத்துக்கிட்டு ரொம்ப தூரம் வந்துட்டேன். திரும்பிப் பாத்தா மிஷின் ஒரு பக்கமா நிக்குது. சூப்பர்வைசர் இன்னொரு மிஷின் கொண்டாறேன்னு கத்திட்டு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினாரு. அவரைப் பாக்கலை அக்கா. இருப்பாரு. எங்க போயிடப் போறாரு?"

அவள் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி போட்டாள். அதே குரல், அதே பதில்.

அண்ணன் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அடுப்பில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குவது அவர் வழக்கம். அவள் எழுப்பவில்லை. ஜன்னலில் அவள் குரல் மாறியதே எழுப்பிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டினார்.

"ரோட்டு வழியா முடியாது, பாப்பா. பாலத்தடியில கழுத்து மட்டும் தண்ணி. மணல்மேட்டு வழியா போவோம்."

"நீ வர்றியா அண்ணே?"

"பின்ன, தனியா போவியா?" மாடிப்படிக்குக் கீழே சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். காலையில் கொண்டுவந்த ரொட்டியில் ரெண்டை ஒரு பைக்குள் போட்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ரொட்டிக்காரர் வெறுங்கையோடு எங்கேயும் போய்ப் பழக்கமில்லை.

தண்ணீர் சூழ்ந்த வீட்டில் மிளகைத் தனியாக விட முடியாது. அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

தெருக்கோடி வரை தண்ணீரில் நடந்து, பழைய ஐஸ் கம்பெனி மதிலைத் தாண்டியதும் மணல் ஆரம்பித்தது. பதினோரு நாள் ஈரத்திலேயே ஊறிக்கிடந்த பாதம் சூடான மணலில் பட்டபோது மிளகு "ஆ" என்று கத்தினாள். சுட்டதாலா, சுகமாக இருந்ததாலா தெரியவில்லை. அங்கிருந்து ஆற்று வாய்க்கு நாலு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டரும் மேடும் பள்ளமும்தான். மேலே காய்ந்த மணல், கால் புதைந்தால் உள்ளே ஈர மணல். இரண்டு எட்டு ஏறினால் ஒரு எட்டு சறுக்கியது. ஊதாப் பூக்கொடி படர்ந்த இடத்தில் மட்டும் கால் நின்றது. அந்தக் கொடியைப் பார்த்துப் பார்த்து அவள் முன்னால் போனாள். அவளுக்கு நடை இல்லை, ஓட்டம்.

அண்ணன் கனத்த உடம்புக்காரர். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கினார்.

"மாமா, மாவு மூட்டை தூக்குவீங்களே, அந்த மாதிரி நினைச்சுக்கோங்க," என்றாள் மிளகு.

"மாவு மூட்டையைத் தூக்கலாம்டி. மாவு மூட்டையே நடந்து போறதுதான் கஷ்டம்."

முன்னால் போனவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று மணலை வாரிக் கன்னத்தில் அடித்தது. கடல் தெரியவில்லை. இடது பக்கம் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது மேட்டுக்கும் மூன்றாவது மேட்டுக்கும் நடுவில் ஒரு பழைய படகு பாதி புதைந்து கிடந்தது. பலகைகள் வெளுத்துப்போய் விலா எலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அதன் நிழலில் அண்ணன் ஒரு நிமிஷம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஷினைக் கண்டா அவனுக்குக் கண்ணு தெரியாது," என்று முணுமுணுத்தார். கோபத்தில் சொன்னது இல்லை, பயத்தில் வந்தது. ஆனால் அவள் நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. நட."

"இல்ல, சொல்லு. ரெண்டு வருஷமா நீ மனசுல வச்சுக்கிட்டு இருக்கிறதைச் சொல்லு. அவரு கேட்டு வாங்கிக்கிட்டு வந்து உன் கடையை இடிச்சாரு, அதானே?"

"பாப்பா, இது அதுக்கு நேரமில்ல."

"ஆமா அண்ணே, கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் வந்தாரு. அன்னைக்கு லீவுதான். யாரு வர்றதா இருந்துச்சு தெரியுமா? இன்னொரு டிரைவர், அந்த நெட்டையன். அவன் இடிச்ச இடத்துல எது மிச்சம் நின்னிருக்கு? உன் அடுப்புச் சுவருக்கும் இடிக்கச் சொன்ன கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்துச்சுன்னு நீயே சொல்லு."

அண்ணன் படகுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். ஒரு முழம். அப்பா கட்டிய அடுப்பு, இருநூறு ரொட்டி ஒரே தடவையில் வேகிற செங்கல் அடுப்பு. அன்றைக்குக் கடை முன்பக்கம் முழுக்க இடிந்து விழுந்த பிறகு தூசி அடங்கிப் பார்த்தபோது, அடுப்பில் ஒரு கீறல் இல்லை. ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார்.

"மிஷின் பக்கெட்டோட பல்லை வச்சு ஒவ்வொரு செங்கல்லா எடுத்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு. அண்ணன்கிட்டச் சொல்லுறேன்னு கிளம்பினேன். வேண்டாம்னுட்டாரு. 'இடிச்சது இடிச்சதுதான். இதைப் போய்ச் சொன்னா உதவி பண்ணிட்டுக் கணக்குக் காட்டுற மாதிரி இருக்கும்'னாரு. நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. திரும்பி ஓட ஆரம்பித்தாள். அண்ணன் படகு நிழலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, முன்னைவிட வேகமாக ஏறினார். மிளகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைசி மேட்டின் உச்சிக்கு அவள் கையை ஊன்றி ஏறினாள். மேலே போனதும் எல்லாம் ஒரே பார்வையில் விரிந்தது. வலது கையில் ஆறு, குளம் மாதிரி அசையாமல், தளும்பத் தளும்ப. இடது கையில் கடல், தூரத்துக்கு இறங்கிப்போய். நடுவில் வெள்ளை மணல். அந்த மணலில் கடல் பக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பள்ளத்தின் ஓரத்தில் மஞ்சள் மெஷின், ஒரு பக்கத்துச் செயின் சக்கரம் முழுக்க மணலுக்குள் போய், முழங்கால் மடங்கிய எருமை மாதிரிச் சாய்ந்து நின்றது.

ஆள் யாரும் இல்லை.

கேபின் கதவு திறந்து கிடந்தது. அப்போது மெஷினுக்கு அடியிலிருந்து கொத்தாக ஈர மணல் வெளியே வந்து விழுந்தது. மறுபடி ஒரு கொத்து. அப்புறம் ஒரு முதுகு தெரிந்தது. இன்ன நிறம் என்று சொல்ல முடியாத சேற்று முதுகு, இரண்டு கையாலும் செயினுக்கடியில் தோண்டிக்கொண்டிருந்தது.

அவள் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிளகு "அப்பா!" என்று கத்திக்கொண்டு சறுக்கி, உருண்டு, எழுந்து ஓடினாள். அண்ணன் தங்கை பக்கத்தில் வந்து நின்று, கீழே பார்த்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"உயிரோடதான் இருக்கான்," என்றார். பிறகு, "கல்லுளிமங்கன்," என்றார். அதில் கோபமே இல்லை.

புருஷன் மெஷினுக்கடியிலிருந்து வெளியே வந்து மூன்று பேரையும் பார்த்தார். சந்தோஷப்படவில்லை, திட்டினார். "எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? வீட்டை யாரு பாத்துக்கிறது?"

"வீட்டை மீன் பாத்துக்கும்," என்றாள் அவள். அப்போதுதான் அழுகை வந்தது. "போனை ஏன் அணைச்சீங்க?"

"அணைக்கலை. மிஷின் சரிஞ்சப்போ குதிச்சேன். பள்ளத்துல விழுந்தேன். போன் இன்னும் அங்கதான் கிடக்கு." முழங்கை தோல் உரிந்து ரத்தம் மணலோடு காய்ந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. அவள் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்தாள். அவர் கூச்சத்தோடு மச்சான் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, "ஏய், ஒண்ணுமில்லம்மா, விடு," என்றார்.

நிலைமையை அவர் விளக்கினார், பார்வையை மிளகின் மேல் வைத்துக்கொண்டு. பள்ளத்தின் ஓரம் நனைந்து இளகி, செயின் இறங்கிவிட்டது. ஆற்றுப் பக்கம் நாலு மீட்டர் மணல்தான் பாக்கி. அதை எடுத்தால் தண்ணீர் பாயும். ஆனால் பாய்கிற தண்ணீர் கரையை அரித்து முதலில் இழுத்துப் போவது மெஷினைத்தான். சூப்பர்வைசர் இன்னொரு மெஷின் கொண்டுவருவதற்குள் ராத்திரி ஆகிவிடும், கடல் ஏறிவிடும். ஏறுகிற கடலிலும் மெஷின் மூழ்கும்.

"அப்ப முதல்ல மிஷினை வெளிய எடுக்கணும்," என்றாள் அவள்.

"எடுக்கலாம். பக்கெட்டைத் தரையில ஊனி அழுத்தினா இந்தப் பக்கம் செயின் மேல எழும்பும். எழும்புறப்போ அடியில பலகை சொருகணும். நான் கேபின்ல இருப்பேன், சொருக ஆள் வேணும். பலகையும் இல்ல."

அண்ணன் மிளகைக் கூப்பிட்டார். "உங்கப்பாகிட்டச் சொல்லு. மேட்டுக்கு அந்தாண்ட ஒரு உடைஞ்ச படகு கிடக்கு."

இரண்டு ஆம்பிளைகளும் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மிளகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, உடைஞ்ச படகு கிடக்காம்."

"சரின்னு சொல்லு."

"மாமா, சரியாம்."

பத்துப் பலகை கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அண்ணன் மண்வெட்டியின் காம்பை நெம்புகோலாக வைத்துப் படகிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். அவளும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து வந்தார்கள், மிளகு பின்னால் தள்ளினாள். தள்ளினாளா தொங்கினாளா என்பது வேறு விஷயம். மணி மூன்றரை தாண்டியது. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. வெயில் போனதில் வேலைக்கு வசதி, மனசுக்கு இல்லை.

புருஷன் கேபினில் ஏறினார். மெஷின் இருமிக்கொண்டு எழுந்தது. பக்கெட் மெதுவாக இறங்கி, கெட்டியான மணலைத் தேடி ஊன்றியது. மெஷின் முனகிற்று. புதைந்த செயின் ஒரு சாண் எழும்பியது.

"இப்ப!"

அண்ணன் வயிற்றை மணலில் அழுத்திப் படுத்துப் பலகையைச் செயினுக்கடியில் தள்ளினார். அவள் மறுமுனையைக் காலால் உதைத்தாள். ஒன்று. செயின் இறங்கியது, பலகை முறிகிற சத்தம் கேட்டது, முறியவில்லை. மறுபடி எழும்பியது. இரண்டு. அவளுடைய விரல் ஒருதடவை மயிரிழையில் தப்பியது. மிளகு கேபின் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். "மாமா இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்றாரு! மாமா போதும்னு சொல்றாரு! மாமா கெட்ட வார்த்தை சொல்றாரு!"

"அதை மட்டும் விட்டுடு," என்றார் அப்பா.

ஏழாவது பலகையில் செயின் பிடித்தது. மெஷின் ஒரு குலுக்கு குலுங்கி, பின்னால் நகர்ந்து, சாய்வு நிமிர்ந்து, பலகைகளை நொறுக்கிக்கொண்டு தென்பக்கக் கெட்டி மணலில் ஏறி நின்றது. புருஷன் கேபினிலேயே ஸ்டியரிங் குச்சிகள் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் ஈர மணலில் மல்லாந்து கிடந்தார். வேர்வையும் மணலும் சேர்ந்து, வேகவைப்பதற்கு முன்னால் மாவு தடவின ரொட்டி மாதிரியே இருந்தார்.

நாலு பேரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். தண்ணீர்கூட இல்லை, அப்படியே இறங்கியது. புருஷன் முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "மிளகு, ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்லு," என்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு கடலைப் பார்த்து, "மணி நாலரை ஆகுது," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

மெஷினை மறுபடி அந்த ஓரத்துக்குக் கொண்டுபோவது தற்கொலை. பாக்கி நாலு மீட்டரைக் கையால்தான் எடுக்க வேண்டும். "முழுக்க எடுக்க வேண்டாம்," என்றார் புருஷன். "ஒரு அடி அகலம், தண்ணி ஓட ஒரு வாய்க்கால் போதும். மிச்சத்தை அதுவே பாத்துக்கும். ஆனா தண்ணி ஓட ஆரம்பிச்ச உடனே வெளிய வந்துரணும். அந்த நிமிஷமே."

மண்வெட்டி ஒன்றுதான். அண்ணன் அதை விடவில்லை. புருஷன் மெஷினில் கிடந்த, பாதியாக வெட்டின பழைய டீசல் கேனை எடுத்துக்கொண்டார். அவள் கையாலேயே அள்ளினாள். மிளகு தூரத்தில், மெஷினின் செயின் மேல், நகரக் கூடாது என்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் நடுவில் நின்று வெட்டினார். அடுப்புக்குள் நீளத் துடுப்பை விட்டு ரொட்டியை எடுக்கிற அதே தோள், அதே வீச்சு. ஒரு வெட்டுக்கு ஒரு கூடை மண் பறந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் நாக்கை நீட்டியது. கயிறு தடிமனுக்கு ஒரு நீர், தயங்கித் தயங்கி, குச்சியும் நுரையுமாக நடந்து வந்தது. பள்ளத்தின் விளிம்பை எட்டி, உள்ளே சொட்டியது. மூன்று பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு நாளாக நானூறு வீட்டை ஆட்டிவைத்த தண்ணீர், கைக்குழந்தை மாதிரித் தவழ்ந்து போனது.

"வெளிய வாங்க!" என்று புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தென்கரையில் ஏறினார்கள். அண்ணன் வரவில்லை. இன்னும் இரண்டு வெட்டு வெட்டினால் நன்றாகப் பாயும் என்று நினைத்துவிட்டார். மண்வெட்டியை ஓங்கினார். அவர் காலடியிலிருந்து மணல், சட்டியில் போட்ட சர்க்கரை மாதிரி, சத்தமில்லாமல் கரைந்தது.

"மச்சான்! ஓடுங்க! மச்சான்!"

அந்தக் குரல் அலை இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார், மண்வெட்டியை எறிந்தார், திரும்பினார், எகிறிக் குதித்தார். கனத்த உடம்பு அவ்வளவு தூரம் தாண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முழங்காலில் விழுந்து, தவழ்ந்து, எழுந்து பத்தடி ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

அவர் குதித்தது வடகரையில்.

ஐந்து நிமிஷத்தில் வாய்க்கால் ஓடையானது. கால் மணியில் ஓடை ஆறானது. இரண்டு பக்கமும் மணல் சுவர் சுவராகச் சரிந்து விழுந்தது, விழுந்த சுவடே இல்லாமல் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. பழுப்பு நிற ஆறு சீறிக்கொண்டு கடலில் போய் மோதியது, அலையே பின்வாங்கி நின்றது. புருஷன் மெஷினை இன்னும் ஐம்பதடி பின்னால் நகர்த்திவைத்துவிட்டு வந்தார். இப்போது கரைக்கும் கரைக்கும் நடுவே முப்பது மீட்டர். அந்தப் பக்கம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரித்தது மிளகுதான். அப்புறம் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தாள். பதினோரு நாளாக உள்ளே அடைத்துக்கிடந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போனது.

"மாப்பிள்ளை!" என்று அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது. "நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

புருஷன் இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "வடக்கே நடங்க மச்சான்! மூணு கிலோமீட்டர்ல ரோடு வரும்! ரோட்டைப் பிடிச்சுப் பெரிய பாலத்துக்கு வந்துடுங்க! நான் வண்டி எடுத்துக்கிட்டு அங்க வந்து நிக்கிறேன்!"

"எவ்வளவு நேரம் நிப்பே?"

"நீங்க வர்ற வரைக்கும்!"

அண்ணன் எழுந்தார். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பத்தடி போனவர், திரும்பி வந்து கரையோரம் நின்றார். "அடுப்பு விஷயம் பாப்பா சொல்லிட்டா!"

"என்னது? கேக்கலை!"

"அடுப்பு! அடுப்பு விஷயம்!"

"தண்ணி சத்தம் மச்சான்! கேக்கலை!"

"ஒண்ணுமில்ல! அப்புறம் சொல்றேன்!"

அவர் போய்விட்டார். கரையை ஒட்டி, சற்று நொண்டிக்கொண்டு, சிறிதாகிக்கொண்டே போனார். மிளகு அப்பாவின் கையை இழுத்தாள். "அப்பா, மாமா அடுப்புன்னு சொன்னாரு. எனக்கே கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு," என்றார் அவர். முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டார். சட்டை முகத்தைவிடச் சேறாக இருந்தது.

திரும்புகிற நடை ஒரு நடையே இல்லை, மேடெல்லாம் தரையாகிவிட்ட மாதிரி வந்துவிட்டார்கள். தெருமுனைக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள், ஓடுகிற தண்ணீரை ஊர்வலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு. புருஷன் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. மேட்டில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அதே சேற்று உடம்போடு பாலத்துக்குப் போனார்.

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். கூடத்தில் இரண்டு விரற்கடை சேறு. சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தண்ணீர் இறங்கின கோடுகள். அடுப்படியில் ஒரு விரல் நீளக் கெண்டை துடித்துக்கொண்டிருந்தது. மிளகு அதைச் சொம்பில் பிடித்துத் தெருத் தண்ணீரில் விட்டாள். மழை தூறலாக ஆரம்பித்தது. பெய்யட்டும், போக வழி இருக்கிறது. அவள் ஒவ்வொரு அறையாகச் சேற்றைத் தள்ளி வாசலில் கொண்டுவந்து விட, அது தானே வழி தெரிந்து கீழே போனது. இருட்டுகிற நேரத்தில் கேஸ் அடுப்பைக் கீழே இறக்கிவைத்து, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அதைவிடப் பலமாக இரண்டு குரல்.

"நூத்தம்பது மீட்டர் வெட்டினது யாரு?"

"வெட்டி என்ன பிரயோசனம்? கடைசி நாலு மீட்டர்ல தண்ணியைத் தொறந்தது நான்!"

"தொறந்தீங்க, சரி. தொறந்துட்டு ஓடச் சொன்னா ஓடணுமா, நின்னு வேடிக்கை பாக்கணுமா? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் தாமதிச்சிருந்தா?"

"நீ ஓரத்துல கொண்டுபோய் மிஷினை நிறுத்தாம இருந்திருந்தா நான் ஏன்டா அங்க வர்றேன்?"

"ஓரத்துல நிறுத்தாம ஆகாயத்துலயா நிறுத்துவாங்க? உங்களுக்குப் பொக்லைன் பத்தி என்ன தெரியும்?"

"உனக்கு மணலைப் பத்தி என்ன தெரியும்?"

மிளகு வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, சண்டை போடுறாங்க. ரெண்டு பேரும் வண்டியை நடுத்தெருவுல நிறுத்திட்டுச் சண்டை போடுறாங்க. போய் நிறுத்தவா?"

"வேண்டாம்," என்றாள் அவள். கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டாள். "விடு, பேசட்டும்."